பச்சை மலையும் பழைய பம்பும்

ஒரு போட்டோவுக்காகத்தான் நான் மலைக்குப் போனேன். அப்போது மஸ்கட்டில் ஏசி பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். ஊரில், கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில், அம்மா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்த இடங்களெல்லாம் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப்போய், கடைசியில் ஒரு வரன் நிலைத்து நிற்பதுபோல் தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் அம்மா போன் செய்தாள்.

“அவுங்க நம்மள மாதிரி மைன்ஸ் ஜனம் இல்லடா. பேக்டரி வேலைக்குன்னு திருச்சிலேர்ந்து வந்தவுங்க. பொண்ணோட அப்பா பெரிய ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. பொண்ணு பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. உன் போட்டோ கேட்டாங்க, நாலு அனுப்பினேன். நாலுலயும் ஏசி பெட்டி பக்கத்துலயே நின்னுகினு கீறியாம். பொண்ணு சிரிச்சுதாம்.”

“ஏசி கம்பெனில வேற எது பக்கத்துல நிக்கறது?”

“அந்தப் பொண்ணு மாசத்துக்கு ஒரு மலை ஏறுதாம்டா. நீயும் ஒரு மலை மேல நின்னு எடுத்து அனுப்பேன். உனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?”

எனக்குக் குறைவதற்கு ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மலை என்று நான் ஏறியிருந்தது சயனைடு மேட்டில்தான். பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வளர்த்த மேடு. ஊரில் மைதானம் போல அதில்தான் விளையாடினோம். அதை ஒரு மலையேற்றமாக யாரிடமும் சொல்ல முடியாது.

என் பிரச்சினையைப் பாலகாட்காரனிடம் சொன்னேன். அவன் என்னோடு பள்ளியில் படித்தவன். வீடு எங்கள் ஊரின் பாலகாட் சுரங்கப் பக்கம் என்பதால் அப்போதிருந்தே எங்களுக்கு அவன் பாலகாட்காரன்தான். மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டாத நேரமெல்லாம் போனில் வீடியோ எடுப்பான். சாப்பாட்டை எடுப்பான், சாப்பிடுகிறவனை எடுப்பான், சாப்பிட்டு முடித்த தட்டையும் எடுப்பான்.

“பச்சை மலைக்குப் போலாம் மச்சி,” என்றான் உடனே. “இங்கேர்ந்து ரெண்டு மணி நேரம். எல்லாரும் போய்க்கினு கீறாங்க. வெள்ளிக்கிழமை ஏறி, ராத்திரி டென்ட் போட்டு, சனிக்கிழமை எறங்கறோம். அட்வென்ச்சர்!”

அந்தக் கடைசிச் சொல்லை அவன் சொன்ன விதத்தில் ஏற்கெனவே போய் வந்துவிட்டவனின் களைப்பு இருந்தது.

இருவர் மட்டும் போனால் டென்ட் வாடகை வீண் என்று மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தோம். அவர் பேத்தமங்களா அண்ணன். எங்கள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், ஐம்பது வயது. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பேத்தமங்களாவில், ஏரிக்குக் கீழே அவருக்குத் தக்காளி நிலம் இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் கோலார் மண்டியில் தக்காளி என்ன விலை என்று போனில் பார்ப்பார். அன்றைய பேச்சின் சுருதி அதைப் பொறுத்தது. உயரம் என்றால் அவருக்கு ஆகாது. ஸ்டோரில் மேல் அலமாரிக்குக்கூட வேறு ஆளைத்தான் ஏற்றுவார்.

“எனுக்கு இன்னாத்துக்குடா மலை?” என்றார்.

“மேல குளிரா கீதாம்ணா. நம்ம ஊரு மார்கழி மாதிரி. ஸ்வெட்டர் போடணுமாம்,” என்றேன்.

மஸ்கட் வெயிலில் ஆறு கோடைகளைக் கழித்தவர் அவர். ஸ்வெட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “புளிச்சோறு நான் கட்டிக்கினு வரேன்,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பாலகாட்காரன் ஒரு சின்னக் காரை வாடகைக்கு எடுத்து வந்தான். நெற்றியில் மாட்டும் விளக்கு, கயிறு, தூங்கும் பை எல்லாம் வாங்கியிருந்தான். கயிறு எதற்கு என்று அண்ணன் கேட்டார். “இருக்கட்டும்ணா,” என்றான். நான் இஸ்திரி போட்ட நீலச் சட்டை ஒன்றைத் தனியாக ஹேங்கரில் மாட்டிக் காருக்குள் தொங்கவிட்டிருந்தேன். அது உச்சியில் போட்டுக்கொள்வதற்கு.

மலையடிவாரம் வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பச்சை மலை என்று பெயரே தவிர, கண்ணுக்கெட்டியவரை மொட்டைப் பாறை. புல்லுக்குக்கூட வழி இல்லை.

“இன்னாபா இது,” என்றான் பாலகாட்காரன். “நம்ம சயனைடு மேட்டுக்கு அண்ணன் மாதிரி கீது.”

ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு போலீஸ் சாவடி. இளம் போலீஸ்காரர் ஒருவர் எங்களுக்கு சலாம் சொல்லி, காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இந்த வண்டி மேலே போக முடியாது, ஃபோர் வீல் வண்டி வேண்டும் என்றார்.

பாலகாட்காரன் இறங்கினான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் தொட்டுக் காட்டினான். “ஃபோர் வீல்தான் சார்,” என்றான் இந்தியில்.

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. இந்த விளக்கத்தைக் கேட்பது அவருக்கு முதல் தடவை இல்லை என்று தோன்றியது. நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வண்டி வேண்டும், இறக்கத்தில் சின்ன வண்டிகளின் பிரேக் பிடிக்காது என்று பொறுமையாகச் சொன்னார். பஸ் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா என்று நான் கேட்டேன். “தெரியும். நமக்குப் பொருந்தாதுன்னு நெனச்சேன்,” என்றான்.

சாவடிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினோம். எல்லா ஏற்பாடும் செய்துவிட்டோம், மலையை மட்டும் காணோம். அண்ணன் தகராறே செய்யாமல் பாத்திரத்தைத் திறந்தார். போக முடியாமல் போனதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்ததை அவர் புளிச்சோற்றைப் பரிமாறிய தாராளத்தில் கண்டேன்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய பிக்கப் வண்டி வந்து பக்கத்தில் நின்றது. பின்னால் தீவன மூட்டைகள். ஓட்டிவந்தவர் வெள்ளைத் தாடி வைத்த ஒமானியக் கிழவர். மேலே ஒரு கிராமத்தில் மாதுளைத் தோட்டமும், சுற்றுலா வருகிறவர்கள் தங்க நாலு அறைகளும் வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. தோட்டத்து வேலையாட்களிடம் கற்ற இந்தி நன்றாகப் பேசினார். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

“ஏசி மெக்கானிக் வேலை,” என்று என்னைக் காட்டிச் சொன்னான் பாலகாட்காரன். சூப்பர்வைசர் என்று நான் திருத்துவதற்குள் கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது.

“மோட்டார் பார்ப்பாயா? பம்பு?”

“பார்ப்பார், பார்ப்பார்,” என்றான் பாலகாட்காரன்.

இறைவன் அனுப்பியிருக்கிறான் என்று கிழவர் வானத்தைப் பார்த்தார். இரண்டு நாளாக அவருடைய பம்பு ஓடுகிறது, ஆனால் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. விருந்தாளிகள் குளிக்கவில்லை. வாருங்கள், சாப்பாடும் படுக்கையும் என் பொறுப்பு, நாளை நானே இறக்கிவிடுகிறேன் என்றார். வாரம் முழுக்க ரிப்பேர் வேலையைப் பார்த்துவிட்டு, லீவு நாளில் அதிலிருந்து தப்பித்து மலைக்குக் கிளம்பியவன் நான். மலைக்குப் போக வேறு வழியும் இல்லை. காரைப் பூட்டிவிட்டு, என் நீலச் சட்டையை ஹேங்கரோடு தூக்கிக்கொண்டு ஏறினேன்.

பாதை சுற்றிச் சுற்றி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு என் தொடையைப் பிடித்த இடம் ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. கிழவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறுகையால் பம்பின் வரலாற்றை விளக்கிக்கொண்டு வந்தார். எனக்கும் பயம்தான். ஆனால் ஒரு வளைவில் காற்று சட்டென்று குளிர்ந்தது. கண்ணாடியை இறக்கினேன். தழையும் ஈர மண்ணும் கலந்த வாசனை வந்தது. மஸ்கட்டுக்கு வந்த பிறகு அப்படி ஒரு வாசனையை நான் முகர்ந்ததே இல்லை. கண்ணை மூடியபடியே அண்ணன், “குளிரா கீதுடா,” என்றார். சின்னப் பிள்ளை சொல்வதுபோல் இருந்தது.

மேலே போன பிறகுதான் பெயருக்குக் காரணம் தெரிந்தது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள். மாதுளை, ரோஜா, பூண்டு. அதன் விளிம்பில் பள்ளத்தாக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது. பார்க்க நேரமில்லை. கிழவர் எங்களை நேராகப் பம்பு அறைக்குக் கூட்டிப்போனார்.

ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் ஓடியது. சத்தம் சீராகத்தான் இருந்தது. மூன்று பேரும் சுற்றி நின்று கேட்டோம். மோட்டார் போய்விட்டது என்றான் பாலகாட்காரன். தொட்டிக்குள்ளே குழாயில் காற்று பிடித்திருக்கிறது என்றார் அண்ணன். உள்ளே இருக்கும் விசிறி தேய்ந்துவிட்டது என்றேன் நான். எங்களில் அதிகாரம் எனக்கு என்பதால் என் தீர்ப்பு நின்றது.

ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லித் தருவார்கள்: தண்ணீர் வரவில்லையென்றால் முதலில் போய் வால்வைப் பார். நான் பார்க்கவில்லை. வால்வு மேலே அறைகளுக்குப் பக்கத்தில், செங்குத்தான நாற்பது ஐம்பது படிக்கு அந்தப் பக்கம் இருந்தது. பம்போ காலடியில் இருந்தது. மோட்டாரின் வயர்களைக் கழற்றினேன், பம்பின் மூடியைத் திறந்தேன். திறந்தபோது மூடியின் இடுக்கை அடைக்கும் பழைய ரப்பர் கேஸ்கட் இரண்டாகக் கிழிந்து கையோடு வந்தது. உள்ளே விசிறி புதுசுபோல் மின்னியது.

“தேஞ்சிட்டு கீதா?” என்று கேட்டார் அண்ணன்.

“கொஞ்சம்,” என்றேன்.

கிழிந்த கேஸ்கட்டையே ஒட்டவைத்து மூடி, வயர்களைத் திரும்ப மாட்டி, ஸ்விட்சைப் போடச் சொன்னேன். பாலகாட்காரன் ஒரு கையில் போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே மறுகையால் ஸ்விட்சைப் போட்டான். வயர்களை மாற்றி மாட்டியிருந்ததால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியது. மூடியின் இடுக்கிலிருந்து தண்ணீர் விசிறியடித்து என் முகத்திலும், கதவுக் கொண்டியில் தொங்கிய நீலச் சட்டையிலும் கருப்பாக அடித்தது.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார்.

அந்த நேரத்தில் மேலேயிருந்து விருந்தாளி ஒருவர் இறங்கி வந்தார். ஜெர்மன்காரர்; மனைவியோடு மலையேற வந்தவர். கயிறும் கொக்கிகளும் கூர்முனைக் கம்புகளுமாக, எங்கள் பாலகாட்காரன் கனவில் மட்டும் கண்டிருக்கக்கூடிய சாமான்கள் அவரிடம் இருந்தன. நாங்கள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு மிக மரியாதையாகக் கேட்டார்: “இப்போது நான் மேலே வால்வைத் திறந்துவிடலாமா?”

“எந்த வால்வு?” என்றேன்.

குளியலறையில் ‘தண்ணீரைச் சேமியுங்கள்’ என்று கிழவர் ஒரு அட்டை ஒட்டியிருந்தார். மலையில் தண்ணீர் எவ்வளவு அருமை என்று தெரிந்த அந்த நல்ல மனிதர், தொட்டி வழிவதைப் பார்த்துவிட்டு வால்வை இறுக்கி மூடியிருந்தார். பிறகு தண்ணீர் நின்றதும், எல்லோருமே சேமிக்கிறார்கள் என்று நினைத்துக் குளிக்காமல் இருந்தார்.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பம்பில் எந்தக் கோளாறும் இருந்திருக்கவில்லை. ஆனால் இப்போது இருந்தது. அதைச் சரிசெய்ய அந்த மாலை முழுக்க ஆனது. ஆட்டுக் கொட்டகையில் கிடந்த லாரி டியூபை எடுத்து, பம்பு மூடியின் அளவுக்குக் கத்தரித்து, போல்ட் ஓட்டைகளைச் சிகரெட் நெருப்பால் சுட்டு, புதுக் கேஸ்கட் செய்தோம். டியூபை அண்ணன் இழுத்துப் பிடித்தார். பாலகாட்காரன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரித்தான், அது ஒரு அதிசயம். வயர்களை நான் மூன்று தடவை சரிபார்த்து மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் குழாய்க்குள் ஏறும் சத்தம் படிப்படியாக மேலே போய், கடைசியில் தொட்டியில் விழுந்தது. மேலேயிருந்து ஜெர்மன்காரரின் மனைவி கை தட்டினார்.

கிழவர் என்னைக் கட்டிக்கொண்டார். நான் நேர்மையாகச் சொல்லிவிட நினைத்தேன். “பம்பு நன்றாகத்தான் இருந்தது. வால்வுதான் மூடியிருந்தது. நான்தான் கெடுத்தேன்,” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

“பெரிய வேலைக்காரன் இப்படித்தான் பேசுவான்,” என்றார் அவர் மற்ற இருவரிடமும். அன்று இரவு ஆட்டுக்கறிச் சோறு வந்தது. டென்ட் கட்டவிடவில்லை, அறையும் கம்பளியும் கொடுத்தார். அண்ணன் ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியும் போர்த்திக்கொண்டு, சுகமாக நடுங்கினார்.

மறுநாள் காலையில் ஜெர்மன் தம்பதி எங்களை விளிம்புக்குக் கூட்டிப்போனார்கள். தோட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடை. அவர்கள் விளிம்பில் நின்று கீழே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாலடி முன்னாலேயே மண்டியிட்டேன், பிறகு குப்புறப் படுத்தேன், பிறகு தலையை மட்டும் நீட்டினேன். கீழே, வெகு கீழே, ஒரு கைவிடப்பட்ட ஊர் தீப்பெட்டிகளைக் கொட்டியதுபோல் கிடந்தது. ஒரு பறவை எனக்குக் கீழே பறந்தது. பறவையின் முதுகை அதுவரை நான் பார்த்ததில்லை. வயிறு பாறையோடு ஒட்டிக் குளிர்ந்தது. எழவே தோன்றவில்லை. அண்ணன் பின்னால் ஒரு மாதுளை மரத்தைப் பிடித்துக்கொண்டு, “பாத்தது போதும், வாங்கடா,” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டு, “எடுடா போட்டோ,” என்றேன். என் போன் பம்பு அறைத் தண்ணீரில் நனைந்து முந்தைய நாளே அணைந்துவிட்டிருந்தது. அண்ணனின் போன் கீழே காரிலேயே கிடந்தது; ஜெர்மன் தம்பதி அதற்குள் பள்ளத்தாக்கில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். பாலகாட்காரன் போனைத் தூக்கிப் பார்த்தான், தட்டினான், மறுபடி தட்டினான்.

“மெமரி ஃபுல் மச்சி. பம்பு வீடியோ ரொம்ப நீளம்.”

“அத்த அழிச்சிட்டு எடு!”

“அத்தயா? நல்லா வந்துகீதுடா,” என்றான் அவன், மனம் நொந்து.

போட்டோ இல்லாமல் இறங்கினோம். சாவடியில் கிழவர் ஒரு பை நிறைய மாதுளை கொடுத்து அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“இன்னாடா, லீவு நாள்ல போயி எவனுக்கோ பம்பு ரிப்பேர் பண்ணிகினு கீற? மூஞ்செல்லாம் கரி! ஏசி சூப்பர்வைசர்னு நான் சொல்லி வச்சிருந்தா, ஊரே பாக்குது!”

பாலகாட்காரன் அதை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். அவன் தம்பி அதைப் பகிர்ந்து, எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெரு வழியாக அது பெண் வீடு இருந்த பேக்டரி குவார்ட்டர்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. வரன் முறிந்தது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஆனால் அவர்கள் முறிக்கவில்லை. லீவில் வரும்போது வந்து பார்க்கச் சொன்னார்கள்.

போகும் வழியில் ஆட்டோவில் அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். “அங்க போயி இன்னா, கீதுன்னு பேசாத. அவுங்கோ ‘என்ன’, ‘இருக்கு’ன்னு பேசறவங்கோ. கொஞ்சம் வாய அடக்கிப் பேசு.”

பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டார்: “என்ன தம்பி, அந்த மோட்டார் ரிவர்ஸ்ல ஓடிச்சே, உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

“சத்தத்தை வச்சே நான் கண்டுபிடிச்சுட்டேன்,” என்றார் அவர் பெருமையாக. வீடியோவைப் பலமுறை பார்த்திருக்கிறார். கேஸ்கட்டை எதில் வெட்டினோம், போல்ட்டை எந்த வரிசையில் இறுக்கினோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும், வால்வு உட்பட, சொன்னேன். வால்வு வந்த இடத்தில் அவர் சிரிக்கத் தொடங்கி, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். கேசரியும் பஜ்ஜியும் தீர்ந்தும் பேச்சு தீரவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று உள்ளே இலை போட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு எங்கள் இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா, பேசவே மாட்டீங்களா?” என்றாள்.

“நீங்களும் இன்னாதானா?”

“வேற எப்படிப் பேசறது? நான் இங்கதான் படிச்சேன்,” என்றாள். பிறகு, “அந்த வீடியோல கதவுக்குப் பின்னாடி ஒரு விளிம்பு தெரியுதே. அங்க போனீங்களா?”

“போனேன். நின்னு பாக்கல. படுத்துகினு பாத்தேன்.”

“பயமா?”

“ரொம்ப.”

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். “எனக்கும் முதல் தடவை அப்படித்தான்,” என்றாள். “ஆபீஸ்ல எல்லாரும் நின்னு போட்டோ எடுத்தாங்க. நான் உக்காந்தே நகர்ந்து போனேன். அந்த போட்டோவ யாருக்கும் காட்டல.” கீழே என்ன இருந்தது என்று கேட்டாள். தீப்பெட்டி ஊரையும் பறவையின் முதுகையும் சொன்னேன். அவள் சுவரில் முழங்கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து கூப்பிட்டபோது, “தை மாசம் உங்களுக்கு லீவு கிடைக்குமா?” என்றாள். கிடைக்கும் என்றேன். கிடைக்குமா என்று எனக்கே அப்போது தெரியாது.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள். பாதி தூரம் வந்ததும் கேட்டாள், “பொண்ணு இன்னா சொல்லிச்சு?”

“தைல வச்சுக்கலாம்னு சொல்லிச்சு.”

அம்மா தலையாட்டினாள். முகத்தில் ஏதோ கவலை போகவில்லை. என்ன என்று கேட்டேன்.

“எல்லாம் நல்ல ஜனந்தான்டா,” என்றாள். “ஆனா சாம்பார்ல வெல்லம் போட்டுகீறாங்க, கவனிச்சியா? அத்த மட்டும் கல்யாணத்துக்கு முன்னாடியே பேசி முடிச்சுக்கணும்.”